டிஸெபிலிட்டி பென்ஷன் மறுக்கப்பட்டால்: ஏ.எஃப்.டி.க்குப் (ஆயுதப்படைத் தீர்ப்பாயம்) போகும் முன்

டிஸெபிலிட்டி பென்ஷன் (பணிக்கால நோய் அல்லது ஊனத்துக்கான ஓய்வூதியம்) கேட்ட முன்னாள் படைவீரர்களுக்கு வரும் மறுப்புக் கடிதத்தில் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ‘நோய் ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல.’ படித்துவிட்டுப் பலர் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். அது பெரிய தவறு.

முதலில் ரிலீஸ் மெடிக்கல் போர்டு ப்ரொசீடிங்ஸின் (பணியிலிருந்து விடுவிக்கும்போது மருத்துவக் குழு எழுதிய பதிவு) முழு நகல் வேண்டும். கையில் இல்லையென்றால் உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ. போடுங்கள். அந்த நகலில் ‘பணியில் சேரும் முன்பே இந்த நோய் இருந்ததா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதியிருப்பார்கள். பணியால் வந்ததா என்பதற்கும் ‘இல்லை’. ஏன் என்ற கட்டத்தில் ‘பீஸ் ஸ்டேஷனில் வந்தது’ (போர்ப் பகுதியல்லாத அமைதிப் பகுதியில் வந்தது) என்ற ஒரு வரி இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. உங்கள் வழக்கு நிற்பது அந்தக் கட்டத்தில்தான். சேரும்போது எடுத்த மருத்துவப் பதிவில் நோய் குறிப்பிடப்படவில்லை என்றால், பிறகு வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், மறுப்பதற்கான காரணத்தைக் காட்டும் பொறுப்பு அரசுடையது என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. அது 1982 விதிகளை வைத்துச் சொன்னது. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய விதிகள் என்பதால், அவர்கள் இந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி மனு எழுதக் கூடாது.

நேராக ஏ.எஃப்.டி. ட்ரிப்யூனலுக்குப் போனால் ‘முதலில் துறையில் அப்பீல் செய்தீர்களா?’ என்றுதான் கேட்பார்கள். மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் பதிலே இல்லையென்றால் ஏ.எஃப்.டி.யில் ஓ.ஏ. (மூல மனு) போடலாம். இறுதிப் பதில் வந்தால், ஓ.ஏ. போட அன்றிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தாண்டிவிட்டால் காரணம் எழுதித் தாமத மன்னிப்பு மனு சேர்க்க வேண்டும். பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் அதை ஏற்பது வழக்கம். ஆனால் அரியர்ஸ் பொதுவாக, மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான். பத்து வருடம் காத்திருந்தவருக்கு ஏழு வருடப் பணம் போய்விடும்.

மனுவின் கோரிக்கைப் பகுதியில் ‘பிராட் பேண்டிங்’ (ஊனச் சதவீதத்தை அடுத்த மேல் படிக்கு உயர்த்திக் கணக்கிடுவது) கேட்க மறக்காதீர்கள். போர்டு ஊனம் 30 சதவீதம் என்று போட்டிருந்தால் அது 50 ஆகும். 60 என்றால் 75. சதவீதமே 20-க்குக் கீழ் என்றால் நிலைமை கடினம். அப்போது மறு மருத்துவப் போர்டுக்கு உத்தரவு கேட்பதே முதல் கோரிக்கையாக இருக்கட்டும்.