திரை உயர ஒரு மணி நேரம் முன்னால்: சான் பிரான்சிஸ்கோவில் ஓசியில் கேட்ட இசைப் பாடங்கள்

சான் பிரான்சிஸ்கோ போகிற நம்மவர்கள் கோல்டன் கேட் பாலத்தில் ஒரு படம், கேபிள் காரில் தொங்கிக்கொண்டு ஒரு படம், அல்கட்ராஸ் தீவுக்கு ஒரு படகுச் சவாரி என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மாலையை மிச்சம் பிடிக்க முடிந்தால் வான் நெஸ் அவென்யூ பக்கம் போய்ப் பாருங்கள். பார்ட் ரயிலில் வந்து சிவிக் சென்டர் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச நேர நடைதான். சிட்டி ஹாலின் பெரிய கும்மட்டத்துக்கு நேர் எதிரே வார் மெமோரியல் ஓபரா ஹவுஸ். குரோவ் தெருவைக் கடந்தால் சிம்பொனி வாசிக்கிற டேவிஸ் ஹால். ஓபரா, பாலே, சிம்பொனி மூன்றும் ஒரே தெருமுனையில். இதில் எனக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், நிகழ்ச்சிக்கு முன்னால் ஒருவர் வந்து இன்றைக்கு நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று பேசுவார். டிக்கெட் கையில் இருந்தால் போதும், அதற்குத் தனிக் காசு கிடையாது.

கட்டடமே பார்க்கத் தகுந்தது. 1932-இல் புச்சீனியின் டோஸ்கா ஓபராவோடு திறந்தார்கள். ஐ.நா. சபையை உருவாக்கிய 1945 மாநாட்டின் பெரிய கூட்டங்கள் இங்கேதான் நடந்தன, சாசனத்தில் கையெழுத்துப் போட்டது பக்கத்துக் கட்டடத்தில். இந்த ஊருக்கு ஓபராப் பித்து அதற்கும் முந்தியது. 1906 ஏப்ரல் 17 ராத்திரி இத்தாலியப் பாடகர் கரூசோ இந்த ஊரில் கார்மென் பாடிவிட்டுப் போய்ப் படுத்தார், விடிகாலையில் பூகம்பம். மனுஷன் அதற்கப்புறம் இந்த ஊர்ப் பக்கமே தலைவைக்கவில்லை.

நாங்கள் போனது இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரிகொலெட்டோ ஓபராவுக்கு. கூட வந்த மச்சான் அந்த ஊரிலேயே பல வருஷமாக இருக்கிறவர், ஓபரா ஹவுஸ் வாசலை மிதித்ததில்லை. "கதைதான் விக்கிபீடியாவுல இருக்கே மாப்பிள்ளை, ஒரு மணி நேரம் முன்னாடி போய் என்ன பண்ணப்போறோம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். நியாயமான கேள்விதான். ஏனென்றால் சில ஊர்களில் நான் கேட்ட இந்த மாதிரிப் பேச்சுகள் அப்படித்தான் இருந்தன. கையில் கொடுக்கிற நிகழ்ச்சிப் புத்தகத்தில் உள்ள கதைச் சுருக்கத்தையே தாளைப் பார்த்து வாசித்துவிட்டு நன்றி சொல்லி இறங்கிவிடுவார்கள். அதற்கு வாசலில் நின்று வேடிக்கை பார்க்கலாம்.

இங்கே அப்படி இல்லை. பேச வந்தவர் கதையை இரண்டு நிமிடத்தில் தள்ளிவிட்டார். மூலம் விக்டர் யூகோ எழுதிய பிரெஞ்சு நாடகம், 1832-இல் பாரிஸில் ஒரே ஒரு நாள் நடந்து மறுநாளே தடை. ராஜாவைப் பெண்பித்தனாகக் காட்டியிருக்கிறதே, விடுவார்களா? வெர்டி அதை ஓபராவாக்கி அரங்கேற்ற நினைத்த வெனிஸ் அப்போது ஆஸ்திரியாவின் கையில் இருந்தது, அங்கேயும் தணிக்கைக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் பிரெஞ்சு ராஜா மாந்துவாவின் டியூக் ஆனார், 1851-இல் அரங்கேறியது. இதெல்லாம் எங்கேயும் படிக்கலாம். அதற்கப்புறம் அவர் செய்ததுதான் விஷயம். ஆரம்பத்தில் டிரம்பெட்டும் டிராம்போனும் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப ஊதும், அதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அது ஒரு கிழவர் அரண்மனைக் கோமாளி ரிகொலெட்டோவுக்கு இடுகிற சாபம். அப்புறம் அவன் அந்தச் சாபத்தை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அதே ஸ்வரத்திலேயே நின்று முனகுவான். கடைசி அங்கத்தில் புயல் வரும், அந்தக் காற்றின் ஊளை கருவியில் வருவதல்ல, மேடைக்குப் பின்னால் ஆண்கள் வாயை மூடிக்கொண்டு முனகுகிற சத்தம்.

பிறகு அந்தப் பாட்டுக்கு வந்தார், 'லா தோன்னா எ மோபிலே'. விளம்பரங்களில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன மெட்டு. பெண் மனசு காற்றில் ஆடும் இறகு என்று டியூக் குஷியாகப் பாடுவது. வெளியே கசிந்தால் ஊரே முனகத் தொடங்கிவிடும் என்று வெர்டி அதை அரங்கேற்றத்துக்கு முந்தைய கடைசி நாட்கள் வரை ஒளித்து வைத்திருந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பாட்டு முதல் தடவை வருவதற்காக எழுதப்பட்டதல்ல, இரண்டாம் தடவைக்காக எழுதப்பட்டது என்றார் பேச்சாளர். டியூக்கைக் கொல்லக் காசு கொடுத்த ரிகொலெட்டோ, பிணம் இருக்கும் சாக்குமூட்டையை ஆற்றில் தள்ளப்போகிறான், தூரத்தில் அதே குஷியான பாட்டு கேட்கிறது. டியூக் உயிரோடு இருக்கிறான். அப்படியானால் மூட்டைக்குள் யார்? ரிகொலெட்டோவின் மகள்.

முடிவைச் சொல்லிவிட்டாரே என்று சிலருக்கு வருத்தம் இருக்கலாம். எனக்கு இல்லை. படுகளம் பார்க்கப் போகிறவனுக்குத் துரியோதனன் சாவான் என்று தெரியாதா என்ன? தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறோம். அன்று ராத்திரி அந்தப் பாட்டு இரண்டாம் முறை தூரத்தில் எழுந்தபோது மச்சான் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் ஓடிக்கொண்டிருந்தன, அவர் அதைப் பார்க்கவே இல்லை.

சென்னையில் மார்கழி லெக்டெம், அதாவது பாடிக் காட்டி விளக்குகிற இசைப் பேச்சு, கேட்டுப் பழகினவர்களுக்கு இது கொஞ்சம் வித்தியாசமாகப் படும். அங்கே பேசுகிறவரும் வித்வான், கேட்கிறவர்களில் பாதிப் பேரும் வித்வான்கள். கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து பத்து நிமிடம் பதில் சொல்வார். இங்கே பேச்சு முழுக்க ஒன்றும் தெரியாதவனுக்கு. அதை ஒரு குறையாக யாரும் நினைப்பதில்லை. நம் சபாக்களில் மாலைக் கச்சேரிக்கு முன்னால் இப்படி ஒருவர் வந்து, இன்றைக்கு இந்த ராகத்தில் இந்தப் பிடியைக் கவனியுங்கள் என்று இருபது நிமிடம் சொன்னால் எத்தனை பேர் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகாமல் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டேன்.

இன்னொரு பயணத்தில் பாலே வாய்த்தது, ஸ்வான் லேக். அமெரிக்காவில் அதை முழுதாக முதலில் ஆடியது இந்த ஊர்க் குழுதான், 1940-இல். அன்றைய பேச்சில் எனக்கு மிகவும் உதவியது கை அடையாளங்கள். தலைக்கு மேல் இரண்டு கைகளையும் சுழற்றினால் ஆடலாம் வா, மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம், இரண்டு விரலை உயர்த்தினால் சத்தியம். பரதநாட்டியம் பார்த்த கண்ணுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும். வெள்ளை அன்னமாக வருகிறவரே கறுப்பு உடையில் ஏமாற்றுக்காரியாகவும் வருவார், இளவரசன் ஆள் மாறி அவளிடம் இரண்டு விரலை உயர்த்துவான். அது தெரியாவிட்டால் ஏதோ அழகாகக் கையைத் தூக்குகிறான் என்றுதான் நினைத்திருப்பேன்.

சிம்பொனி முன்னுரை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கதை இல்லாத இசைக்கு வெறும் பேச்சு எனக்குப் போதவில்லை.

போகிறவர்களுக்கு: எல்லா நாளும் எல்லா நிகழ்ச்சிக்கும் முன்னுரை இருக்காது, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஓபராவுக்கு முன்னுரை பெரிய அரங்கத்திலேயே, கீழ்த்தளத்தில். மேல் பால்கனிக்கு மலிவு டிக்கெட் எடுத்தவரும் அந்த நேரத்துக்கு மேடைக்குப் பக்கத்தில் நல்ல நாற்காலியில் உட்காரலாம். பேச்சு முடிந்ததும் எழுந்து படியேறிவிடுங்கள், இல்லாவிட்டால் சீட்டுக்குச் சொந்தக்காரர் கோட்டும் சூட்டுமாக வந்து தலைமேல் நிற்பார்.