இடுப்பு முதலில்

மார்ச் 6
கை எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையாம். வலி அப்படியே இருக்கிறது. காலையில் எழும்பினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருக்கின்றன.

மார்ச் 9
நுவரெலியா கொல்ஃப் மைதானத்தில், முதல் பந்தை அடிக்கும் முதலாம் டீக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றேன். கையில் கட்டு, தோளில் சுமக்க ஆட்டக்காரரின் பை இல்லை, பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஐயா ஒருவர் நல்ல உடம்புக்காரர். முழுப் பலத்தையும் தோளில் ஏற்றி அடிக்கிறார். பந்து வலது பக்க மரங்களுக்குள் போகிறது. அவருக்குப் பின்னால் வந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும், ஒல்லியான ஆள். இடது குதிகால் புல்லில் பதிந்த பிறகுதான் அவருடைய கை கீழே இறங்கியது. பந்து நடுப் பாதையில் போய் விழுந்தது.

இறங்கும்போது முதலில் இடுப்பு, பிறகு நெஞ்சு, பிறகு கை, கடைசியில் மட்டை. இந்த வரிசையை எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தராத பாதி ஒன்று இருக்கிறது. நெஞ்சு வேகம் பிடிக்கும் நேரத்தில் இடுப்பு வேகம் குறைய வேண்டும். கை வேகம் பிடிக்கும்போது நெஞ்சு குறைய வேண்டும். பந்துக்குக் கிட்டே வரும்போது கையும் குறைந்து, இருந்ததெல்லாம் மட்டையின் தலைக்குப் போய்ச் சேரும். ஐயாவின் உடம்பில் எதுவுமே நிற்கவில்லை, எல்லாம் ஒன்றாக ஓடியது. அதனால் மட்டைக்கு எதுவும் மிஞ்சவில்லை.

மார்ச் 10
இன்று மதியம் வரை மரத்திருந்தது.

மார்ச் 14
பாடசாலை மைதானத்தில் மச்சானின் மகன் கிரிக்கெட் ஆடுகிறான். போய் உட்கார்ந்தேன்.

வேகப் பந்து துடுப்பாட்டக்காரனிடம் வர அரைச் செக்கன்தான் ஆகும். பெரிய வட்டம் போட அவனுக்கு நேரம் ஏது? அதனால் மேல் கை வழிகாட்ட, முழங்கை உயர, துடுப்பு நேராக இறங்குகிறது. பந்தின் எடை ஏறக்குறைய 160 கிராம். வரும்போதே வேகத்தைக் கொண்டுவருகிறது, இவன் கொஞ்சம் சேர்த்துத் திருப்பி அனுப்பினால் போதும். நம்முடைய பந்து 46 கிராமுக்கும் குறைவு. அது எதையும் கொண்டுவருவதில்லை, சும்மா கிடக்கிறது. அத்தனை வேகமும் நிலத்தை மிதிக்கும் காலிலிருந்து கிளம்பி வர வேண்டும். எப்போது தொடங்குவது என்பதையும் நாமே தீர்மானிக்க வேண்டும், அதுதான் பெரிய கஷ்டம். கிரிக்கெட்டில் பந்து வந்து எழுப்பும்.

ஆனால் பொடியனின் பந்துவீச்சைப் பார்த்தபோது எழும்பி நின்றுவிட்டேன். ஓடி வந்து முன்கால் ஊன்றுகிறான், முழங்கால் மடியவில்லை. கீழுடம்பு அந்த இடத்தில் நிற்க, மேலுடம்பு அதைத் தாண்டிப் பாய்கிறது. ஈட்டி எறிபவர்களுக்கும் இதே கால்தான். பந்தில் படும் நேரத்தில் கொல்ஃப்காரனின் இடது கால் நிமிர்வதும் இதற்காகத்தான். துடுப்பைக் கொடுத்துப் பார்ப்பதைவிட, இவனைப் பந்துவீச்சிலிருந்து கொல்ஃபுக்குக் கொண்டுவருவது சுலபம்.

மார்ச் 15
ஸ்கேனுக்கு இன்னும் திகதி தரவில்லை. அதற்குள் ஏப்ரல் 26 ஆட்டம் வந்துவிடும்.

மார்ச் 19
சித்தப்பாவின் மலையில் கவ்வாத்து, தேயிலைச் செடியின் வாதுகளை, அதாவது கிளைகளை, வெட்டிவிடும் வேலை. கல்லில் கத்தியைத் தீட்டி, கட்டைவிரலால் முனையைத் தொட்டுப் பார்த்து, இடது காலை வாதுக்குப் பக்கத்தில் ஊன்றிக்கொள்கிறார். கத்தி கீழிருந்து சரிவாக மேலே போகிறது, ஒரே வெட்டு. வாது பிளக்கவில்லை, வெட்டு வாய் வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. புதிதாக வந்த பொடியன் கையால் வெட்டுகிறான், அவன் வெட்டிய வாதெல்லாம் நார் நாராகக் கிழிந்து நிற்கிறது. சித்தப்பாவின் தோள் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு போவது கத்தி மட்டும்.

கொல்ஃபைப் பற்றி அவரிடம் பேசினால் கேட்டுக்கொண்டே அடுத்த செடிக்குப் போய்விடுவார். இன்றும் போனார்.

மார்ச் 23
தூக்கம் இல்லை. முரளியின் மணிக்கட்டைப் பற்றி யோசித்துக்கொண்டு கிடந்தேன். பிறப்பிலேயே முழுதாக நிமிராத முழங்கை, அதை வைத்துக்கொண்டு 800 டெஸ்ட் விக்கெட். கண்டியில் பிறந்த நம் ஆள் என்ற பெருமை ஒரு பக்கம். அந்த மணிக்கட்டு உழைத்தது, பந்தை முறுக்கியது. கொல்ஃபில் மணிக்கட்டு உழைக்கக் கூடாது. மேலே மடிந்ததை அப்படியே விட்டுவைக்க வேண்டும். கை வேகம் குறையும்போது மட்டையின் பாரமே அதைத் திறந்துவிடும். மேலிருந்தே சுண்டுகிறவன் வேகத்தைப் பந்துக்கு முன்பே செலவழித்துவிடுகிறான். மட்டையும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதில் ஏறக்குறைய பாதி. அந்த நேரத்துக்குள் கையால் எதைத் திருத்த முடியும்?

அப்படியானால் உழைக்காத கை ஏன் வலிக்க வேண்டும்?

மார்ச் 27
கண்டி. ஸ்கேனில் தெரிந்துவிட்டது. உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கம் கொக்கி மாதிரி ஒரு எலும்பு, அந்தக் கொக்கி முறிந்திருக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் இது அடிக்கடி தப்பிவிடுமாம். டொக்டர் தாளில் வரைந்து காட்டினார். மட்டையின் பிடிமுனை இடது கையில் சரியாக அங்கேதான் அமர்கிறது. மட்டை வேரிலோ நிலத்திலோ மாட்டினால் அடி முழுக்க அந்தக் கொக்கியில் இறங்கும். பேஸ்போல் ஆடுபவர்களுக்கும் பிடிமுனையில் இருக்கும் கையில் வரும், டென்னிஸில் ராக்கெட் பிடிக்கும் கையில் வரும் என்றார். விரலுக்குப் போகும் நரம்பு பக்கத்தில் ஓடுவதால்தான் மரத்துப் போகிறதாம்.

இடுப்பும் நெஞ்சும் தோளும் கொடுத்த எல்லாம் இந்தச் சின்ன எலும்பு வழியாகத்தான் போயிருக்கிறது.

ஏப்ரல் 2
கையை வெட்டி அந்தத் துண்டை எடுக்க வேண்டும் என்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8
ஊர் நிறைந்துவிட்டது. சீசன். எல்லே ஆட்டம் பழகுகிறார்கள். மூங்கில் தடி, பந்தை அடிக்க மூன்று வாய்ப்பு. பந்து காற்றில் வருவதால் தடி படுக்கையாகச் சுற்றுகிறது, நம்முடையது நிலத்துப் பந்துக்காகச் சாய்ந்து சுற்றுகிறது. சாய்வை எடுத்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான், இடுப்பு முதலில். நன்றாக அடித்த பொடியன் ஒருவனிடம் யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். ‘ஒருத்தரும் இல்ல அண்ணே’ என்றான்.

கொழும்பு ஐயா திரும்ப வந்திருக்கிறார். இங்கே பந்து அதிகத் தூரம் போகிறது என்று சந்தோஷப்படுகிறார். 1868 மீற்றர் உயரம், காற்று மெல்லியது, போகத்தான் செய்யும். பந்து இன்னும் மரங்களுக்குள்தான்.

ஏப்ரல் 10
நாளை ஐந்தரை பஸ். அப்பா கூட வருகிறேன் என்கிறார், தோட்டத்தில் ஒரு நாள் பேர், அந்த நாள் சம்பளம், போய்விடும், வேண்டாம் என்றேன். டொக்டரிடம் கேட்க வேண்டியவை: முறிந்த துண்டை எடுத்துவிட்டால் கடைசி இரண்டு விரல்களின் பிடி எவ்வளவு குறையும். மரத்துப் போவது நிற்குமா. பிடிமுனை உள்ளங்கைக்கு வெளியே நிற்கும்படி பிடியை மாற்றலாமா. 26ஆம் திகதி சும்மா ஏழாம் நம்பர் அயன் மட்டையை மட்டுமாவது