பொடிக்குள்ளே 25 சென்ட்

களியக்காவிளை தாண்டி தினமும் திருவனந்தபுரத்து ஆய்வகத்துக்குப் போய்வருகிறேன். என் விரலில் இருந்த பழுப்புக் கறையைப் பார்த்து, "என்ன மக்ளே, மஞ்சளா?" என்றாள் பாட்டி.

அயோடின். அணு உலை விபத்துகளில் வெளியேறுவது கதிரியக்க அயோடின்-131. அதை நீரிலிருந்து பிடிக்கும் பொடியைச் சோதிக்க நாங்கள் கையாள்வது சாதாரண அயோடின்தான். வேதியியல் குணம் ஒன்றே. பழுப்பு நீரில் எங்கள் பொடியைப் போட்டுக் குலுக்கினால் நிறம் வெளிறி, கடைசியில் நிறமில்லாத வெறும் தண்ணியாகிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது!

"தேத்தாங்கொட்டைய ஒரசிப் போட்டாலும் தெளியும்லா?"

அது கலங்கலைத் திரட்டி அடியில் படிய வைக்கும். இது வேறு. கார்பன், நைட்ரஜன் அணுக்களைத் தேன்கூடு போலக் கோத்த கரிமச் சட்டகம். இப்படிக் கோத்த கரிமச் சட்டகங்களை 2005-இல் முதலில் செய்து காட்டியது வேதியியலாளர் ஓமர் யாகியின் குழு; எங்களுடையதில் நைட்ரஜனும் உண்டு. நைட்ரஜன் அயோடினை இழுத்துப் பிடிக்கும். ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் பரப்புகூட இருக்கும். பாட்டியின் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 25 சென்ட்.

அணு உலை விபத்தில் வெளியேறும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியம் இப்படி எளிதில் சிக்காது. கடல்நீர் என்றால் சோடியம் இடத்துக்குப் போட்டி போடும்.

"சரி, விஷம் குடிச்ச பொடிய எங்க கொண்டு கொட்டுவிய?"

என் வழிகாட்டிகூட இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். சீசியம்-137 பாதியாக 30 வருஷம்; அதுவரைக்கும், அதற்கப்புறமும், பொடிக்குக் காவல் இருக்கத்தான் வேண்டும்.