நான்காவது ஸ்லைடு

எம்.எஸ்சி. நிலவியல் என்றாலே வெயிலில் மலையேறுவதுதான் கஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். வெயிலும் நடையும் ஒரு வாரத்தில் பழகிவிடும். என்னை அழவைத்தது ஆய்வக மூலையில் கிடந்த ஒரு கண்ணாடித் தட்டு.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட் என்ற பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பெரும்பகுதி பிளேஜியோகிளேஸ் என்ற ஒரே கனிமம். நிலவின் வெளிறிய மேட்டுநிலங்களும் இவ்வகைப் பாறைதான். அதனால்தான் நிலவில் இறங்கும் லேண்டரையும் அங்கே ஊரும் ரோவரையும் சோதிக்கச் செயற்கை நிலவு மண் தேவைப்பட்டபோது இஸ்ரோ இந்தக் கல்லை வாங்கி அரைத்தது. அதற்காக இதை ‘நிலாக் கல்’ என்பது மிகை. நீர் இல்லாமல் உருவாகாத ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமம் இதில் தாராளமாக இருக்கிறது. நிலவுப் பாறையில் அதைத் தேடிப் பயனில்லை.

வரப்போரம் குந்தி, கல்லின் வெளுத்த மேல்தோலைத் தட்டிவிட்டு உள்ளே புதுப்பரப்பு தெரியும்வரை உடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி நின்று பார்த்தார். “என்ன கண்ணு, கிணற்றுக்கு இடம் பார்க்கிறாயா?” என்றார். இல்லை என்றதும் அவருக்கு என் படிப்பின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

ஊர் திரும்பிய பிறகுதான் உண்மையான பாடு. கல்லைச் சில்லாக அறுத்து, ஒரு பக்கத்தைச் சமமாக்கி, சிறு கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, மறுபக்கத்தை அந்த மூலைக் கண்ணாடித் தட்டின் மேல் கார்போரண்டம் என்ற சாணைத் தூளில் தேய்க்க வேண்டும், 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை. அப்போதுதான் ஒளி ஊடுருவும். முதல் ஸ்லைடில் பசைக்குள் காற்றுக்குமிழி. இரண்டாவது ஓரத்தில் பிய்ந்தது. மூன்றாவதைக் கவனமில்லாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்தால் கல்லே இல்லை, வெறும் கண்ணாடி.

“அழுத்தாதே தம்பி, கையின் எடையே போதும்,” என்றார் ஆய்வக உதவியாளர் அண்ணன். அளவுகோல் இதற்கு உதவாது, நிறம்தான் கணக்கு. நுண்ணோக்கியில் குறுக்கு முனைவாக்கிகளுக்கு (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும், ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரு வடிகட்டிகள்) நடுவே பிளேஜியோகிளேஸ் ஆரஞ்சும் சிவப்புமாக மின்னினால் இன்னும் தடிமன்; சாம்பலும் வெள்ளையுமானால் சரி. பத்துச் சுற்று தேய், கழுவு, பார். மீண்டும் பத்துச் சுற்று.

2023 ஆகஸ்ட் 23 மாலை, சந்திரயான்-3 இறங்குவதைப் பார்க்கத் துறையே தொலைக்காட்சி முன் கூடிவிட்டது. 6.04 மணிக்குக் கைதட்டல் கேட்டது. ஓடிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, தூள் அப்பிய கையோடு திரும்பி வந்து நான்காவது ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தேன். சாம்பலும் வெள்ளையுமாகக் கோடு கோடாக, புடவைக்கரை போல் ஒரு படிகம். ஸ்லைடைத் தாங்கும் வட்ட மேடையைத் திருப்பினால் கறுத்த கோடு வெளுத்தது, வெளுத்தது கறுத்தது. எவ்வளவு நேரம் திருப்பிக்கொண்டிருந்தேனோ தெரியாது.

மறுநாள் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு நிமிடம் பார்த்தார். “நன்றாக இருக்கிறது. மீதிப் பதின்மூன்று மாதிரிகள் எப்போது வரும்?” என்றார்.