செயற்கை நுண்ணறிவில் 2030-ஐக் குறிவைத்த ஊரில் குடித்தனம்

திருப்பூரில் செயற்கை இழைத் துணிக்கு ஆர்டர் கூடியதும், துணி பார்த்து வாங்கி அனுப்ப எங்கள் கம்பெனி என்னைச் சீனாவில் உட்கார வைத்தது. ஜெஜியாங் மாகாணம், ஷாவ்ஷிங் நகரத்தைச் சேர்ந்த கேச்சியாவ். பெரிய துணிச் சந்தை, இந்திய வியாபாரிகளும் நிறைய. அதனால் பருப்பு, புளிக்குக் கஷ்டமில்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது என் பெயர்தான்.

இங்கே இளநீர் வாங்குவதிலிருந்து ரயில் டிக்கெட் வரை எல்லாம் போனில்தான். அதற்கு வங்கிக் கணக்கு, சிம் கார்டு, பணம் செலுத்தும் செயலி மூன்றிலும் பெயர் ஓர் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கியில் என் பெயரையும் அப்பா பெயரையும் இடைவெளி விட்டு எழுதினார்கள். சிம் கொடுத்த கடையில் இரண்டையும் சேர்த்து ஒரே நீளமாக அடித்துவிட்டார்கள். செயலி இருவரும் வேறு ஆள் என்றது. கையில் காசு இருந்தும் டாக்சி பிடிக்க முடியாமல் நின்றேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எல்லாக் கவுன்ட்டரிலும் அதையே காட்டுங்கள்.

அது சரியானதும் வாழ்க்கை வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. இந்த நாடு செயற்கை நுண்ணறிவில் உலகத்துக்கே முதலாவதாக வர நினைப்பது எப்படி என்று எனக்குப் புரியத் தொடங்கியதும் அப்போதுதான். 2017 ஜூலையில் சீன அரசு ஒரு திட்டம் வெளியிட்டது. 2020-க்குள் முன்னணி நாடுகளோடு சமமாக நிற்பது, 2025-க்குள் சில துறைகளில் முந்துவது, 2030-க்குள் உலகின் முதன்மை மையமாவது. 2030-ல் அந்தத் தொழிலின் மையப் பகுதி மட்டும் 1 லட்சம் கோடி யுவானைத் தாண்ட வேண்டும் என்று கணக்கும் போட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால், இதே ஜெஜியாங்கில் உள்ள வூஜென்னில், இதே மாகாணத்தில் பிறந்த கோ என்ற பலகை விளையாட்டின் வீரர் கே ஜியே, கூகுளின் ஆல்ஃபாகோ என்ற கம்ப்யூட்டர் நிரலிடம் மூன்று ஆட்டத்திலும் தோற்றார். அந்தத் தோல்வியால்தான் திட்டம் வந்தது என்று சொல்ல மாட்டேன், தயாரிப்பு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் இங்கே பலர் அந்த ஆட்டத்தை இன்னும் வலியோடுதான் பேசுகிறார்கள்.

2025 ஜனவரி அந்த வலிக்கு மருந்து போட்டது. டீப்சீக் என்ற செயற்கை நுண்ணறிவுக் கம்பெனி இருக்கும் ஹாங்சோ எங்களுக்குப் பக்கத்து நகரம், மெட்ரோவிலேயே போய்விடலாம். செயற்கை நுண்ணறிவுக்குத் தேவையான உயர்தர சிப்கள் சீனாவுக்குப் போகாமல் 2022 அக்டோபரிலிருந்து அமெரிக்கா தடுத்து வைத்திருந்த நிலையில், ஜனவரி 20 அன்று டீப்சீக்கின் ஆர்1 என்ற செயற்கை நுண்ணறிவு மாடல் வெளிவந்தது. 27-ஆம் தேதி ஒரே நாளில், அந்த மாதிரி சிப்களை விற்கும் அமெரிக்கக் கம்பெனியான என்விடியாவின் சந்தை மதிப்பில் கிட்டத்தட்ட 60,000 கோடி டாலர் கரைந்தது. மறுநாள் சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு. தொலைக்காட்சியில் ஹாங்சோவின் யூனிட்ரீ கம்பெனி ரோபோக்கள் பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, கைக்குட்டை சுழற்றி கிராமிய நடனம் ஆடின. டீப்சீக்கைத் தொடங்கிய லியாங் வென்ஃபெங் ஹாங்சோவில் உள்ள ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில்தான் படித்தார். அந்த வாரம் நான் பார்த்த எல்லோரும் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் போலப் பேசினார்கள்.

இருந்தாலும் என்னை அசைத்தது எதிர் வீட்டு அம்மாதான். எழுபதைத் தாண்டியவர், எழுத்து படிக்கக் கண் சரியாக ஒத்துழைக்காது. படியில் உட்கார்ந்து போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, டௌபாவ் என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் ஷாவ்ஷிங் வாடை வீசும் சீனத்தில், முட்டி வலிக்கு வாங்கிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்று கேட்பார். பதில் வேகமாக வந்தால், 'மெதுவாச் சொல்லு' என்று அதட்டுவார். அது மெதுவாகச் சொல்லும். ஒரு நாட்டின் லட்சியம் அந்தப் படிக்கட்டு வரை இறங்கி வந்திருப்பதை மனதாரப் பாராட்டுகிறேன்.

பயமும் இருக்கிறது. எங்கள் குடியிருப்பு வாசலில் முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். 2025 ஜூனில் அமலுக்கு வந்த விதிப்படி, வேறு வழி இருக்கும்போது முகத்தை மட்டுமே கட்டாயமாக்கக் கூடாது. கேட்டேன், அட்டை கொடுத்தார்கள். கேட்காதவர்கள் இன்னும் முகத்தைத்தான் காட்டுகிறார்கள். அப்புறம், இந்தச் செயலிகளிடம், 1989-ல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கியது பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடும். பதில்கள் அரசு வகுத்த விழுமியங்களுக்குள் இருக்க வேண்டும் என்று 2023 முதல் விதியே உண்டு. மாத்திரை விஷயத்தில் அவ்வளவு பொறுமையாகப் பேசுவது, தங்கள் வரலாற்றைக் கேட்டால் வாயை மூடிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் அதனிடம்தான் பாடம் கேட்டு வளரப் போகிறார்கள். பெய்ஜிங் பள்ளிகளில் 2025 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 8 மணி நேரம் செயற்கை நுண்ணறிவுப் பாடமே உண்டு.

ஊரிலிருந்து போன் பண்ணும் மாமா, "சீனாக்காரன் அமெரிக்காவை முந்திருவானா மாப்ள?" என்றுதான் எப்போதும் கேட்பார். யார் முந்தினாலும் நமக்கு ஆக வேண்டியது வேறு என்று சொல்வேன். இந்த மாடல்களில் பலவற்றை யார் வேண்டுமானாலும் இறக்கித் தங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம், டீப்சீக் ஆர்1-இன் சிறிய வடிவங்களும் அப்படித்தான். இங்கே துணிக்கடைப் பையன்கள் செயற்கை நுண்ணறிவை வைத்து, நான் டீ குடித்து முடிப்பதற்குள் பத்து பிரிண்ட் டிசைன் போட்டு நீட்டுகிறார்கள். அவர்களைப் போல அவிநாசி ரோட்டு டிசைன் பையன்களுக்கும் உட்கார்ந்து பழக ஒரு நல்ல மெஷின் வாங்கிக் கொடுங்கள் என்று மாமாவிடம் கேட்டிருக்கிறேன். தீபாவளி போனஸ் முடியட்டும் என்றிருக்கிறார்.