தம்பியின் சூதாட்டம், எங்கள் சிகிச்சை

ஜூன் 4
முதல் அமர்வு. தம்பி வர மறுத்துவிட்டான். "அவன் இல்லாமல் நாம் போய் என்ன பிரயோஜனம்?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். ஆலோசகர் அவனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "ராத்திரி தூங்குகிறீர்களாம்மா?" என்றார். இந்த மூன்று வருஷத்தில் அம்மாவிடம் யாருமே இதைக் கேட்டதில்லை. நானும்தான். அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

ஜூன் 11
வீட்டுப்பாடம்: அவன் கடனை நாங்கள் அடைத்த ஒவ்வொரு தடவையும், அப்புறம் எத்தனை நாள் ஆடாமல் இருந்தான் என்பதும். ஒன்பது தடவை. அதிகபட்சம் 40 நாள், ஒருமுறை வெறும் 6. எழுதி முடித்ததும் பேனாவை மூடக்கூடத் தோன்றவில்லை. நாங்கள் அடைத்த ஒவ்வொரு கடனும் அடுத்த ஆட்டத்துக்கு வழிவிட்டிருக்கிறது. சாப்பாடு போடுங்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள், கையில் பணம் மட்டும் வேண்டாம் என்றார் ஆலோசகர்.

ஜூன் 18
இது திமிரா நோயா என்று கேட்டேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் சூதாட்டத்தை மது, போதை அடிமைத்தனங்களோடு ஒரே பிரிவில் சேர்த்தார்களாம். விட்டதைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப ஆடுவதும் அதில் சொல்லியிருக்கும் அறிகுறிகளில் ஒன்று. "விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடறேன்க்கா" என்று அவன் சொன்னதையெல்லாம் நான் நம்பிக்கையாக எடுத்துக்கொண்டேனே!
"அப்போ நான் வளர்த்த விதம் தப்பில்லையா?" என்றாள் அம்மா. அந்தக் கேள்வியை இத்தனை நாள் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

ஜூன் 25
போகவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல்.

ஜூலை 2
தம்பி வந்தான்! "பொய் சொன்னாய்" என்று தொடங்காமல் எங்களுக்கு என்ன ஆகிறது என்று சொல்லச் சொன்னார் ஆலோசகர். "உன் போன் அடித்தாலே எனக்கு வயிறு கலங்குகிறதுடா" என்றேன். அவன் போனை அணைத்து மேஜையில் கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு கடன் இருக்கு" என்றான்.
அம்மாவின் கை பைக்குப் போனது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு என்று இருவருமே கேட்கவில்லை. "எப்படி அடைக்கப் போகிறீர்கள்?" என்று அவனிடமே கேட்டார் ஆலோசகர். ரொம்ப நேரம் யோசித்து, தவணை கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.
நாளை காலை பத்து மணிக்குக் கடன் கொடுத்தவரிடம் அவனே பேசுகிறான். நான் பக்கத்து அறையில் இருப்பேன்.