கடையிலயே இல்லாத கேமைத் திருட முடியுமா?

பழைய வீடியோ கேமோட ரோம், அதாவது கேமோட டிஜிட்டல் நகல், வச்சிருக்கறது திருட்டுன்னு ஒருத்தர் சொல்லப்போய் பெரிய சண்டை ஓடுது. சட்டப்படி அவர் சொல்றது பெரும்பாலும் சரிதான். பழைய கேம் மெஷின் மாதிரியே கம்ப்யூட்டரை நடந்துக்க வைக்கற எமுலேட்டர் சாஃப்ட்வேர்ல பிரச்சினையில்ல, 2000-லயே சோனி – கனெக்டிக்ஸ் வழக்குல அமெரிக்க நீதிமன்றம் அதுக்கு வழிவிட்டாச்சு. கேம் நகலை நெட்ல இறக்கறதுதான் சிக்கல். "ரொம்பப் பழசுப்பா"ன்னா செல்லாது. 1985-ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு அங்க 2080 முடியற வரைக்கும் பதிப்புரிமை இருக்கு!

ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கே. 2010-க்கு முன்னாடி அமெரிக்காவுல வந்த கேம்கள்ல 87% இப்ப விற்பனையிலயே இல்லன்னு வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல ஆய்வு வெளியிட்டுச்சு. காசை நீட்டினாலும் கிடைக்காததை ஒருத்தன் காப்பாத்தி வச்சிருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னும் விக்கற கேமை இறக்கிட்டு "பாதுகாக்கிறேன்"னு பேசறவங்களுக்கு நான் வக்காலத்து வாங்கல.